மொழிக்காப்பும் பேச்சுச் சமூகமும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டார இருளர் பேச்சை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

அருகிவரும் மொழிகளைக் காப்பது குறித்த விவாதம் ஆவணமாக்கம், பள்ளிக் கல்வி, பேச்சுச் சமூகத்தின் வாழ்வுரிமை என்னும் மூன்று நிலைப்பாடுகளைச் சுற்றி நடைபெறுகிறது. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி இவ்விவாதத்திற்கு நெடுங்காலக் களமாக இருந்துவருகிறது. விழுப்புரம் மாவட்டத்தின் விழுப்புரம், திண்டிவனம் வருவாய்க் கோட்டங்களில் வாழும் சமவெளி இருளர்களின் பேச்சை முன்வைத்து இம்மூன்று நிலைப்பாடுகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. ‘தனிமொழியா, கிளைமொழியா’ என்ற வினாவை வாயிலாகக் கொள்ளும் காப்புத் திட்டங்கள் இப்பேச்சைக் கணக்கில் கொள்ளாமலேயே கடந்துவிடுகின்றன என்பதும், பேசுவோரின் இருப்பிடமும் மதிப்பும் உறுதிப்படாத நிலையில் பதிவும் பாடநூலும் மட்டும் ஒரு பேச்சைக் காக்க இயலாது என்பதும், அப்பேச்சின் மதிப்பைக் குறைத்ததில் தமிழாய்வுக்கும் பங்குண்டு என்பதும் இதன் வாதங்கள்.

திறவுச்சொற்கள்: இருளர், மொழிக்காப்பு, கேலிக், மொழி நகர்வு, பேச்சுச் சமூகம், விழுப்புரம், திண்டிவனம்.

முன்னுரை

ஒரு மொழி அருகுகிறது என்று தெரிந்தபின் செய்யத்தக்கது யாது என்ற வினாவுக்கு அறிஞர்கள் ஒரே விடை கூறுவதில்லை. எஞ்சியிருக்கும் பேச்சாளர்களைக் கண்டறிந்து அவர்களது பேச்சைப் பதிவுசெய்வதே முதற்கடமை என்பார் ஒரு சாரார். பள்ளியில் இடம்பெறாத மொழி அடுத்த தலைமுறையை எட்டாது, ஆகவே பாடநூலும் ஆசிரியரும் வேண்டும் என்பார் மற்றொரு சாரார். வீட்டிலும் ஊரிலும் மொழி புழங்குவதற்கான சூழல் அழிந்தபின் பதிவாலும் பள்ளியாலும் பயனில்லை, எனவே பேசுவோரின் வாழ்வைக் காப்பதே மொழியைக் காப்பது என்பார் மூன்றாம் சாரார். 2022 முதல் 2032 வரையிலான காலத்தை ஐக்கிய நாடுகள் அவை உலகத் தொல்குடி மொழிகளின் பத்தாண்டாக அறிவித்தபின் இவ்விவாதம் மேலும் கூர்மையடைந்துள்ளது.

இவ்விவாதம் தமிழ்ச் சூழலில் பெரும்பாலும் ஒரே திசையில் நடைபெறுகிறது. ஆங்கிலம், இந்தி ஆகியவற்றின் ஆதிக்கத்திலிருந்து தமிழைக் காப்பது பற்றியே மிகுதியாக எழுதப்படுகிறது. தமிழே பெரும்பான்மை மொழியாகவும் ஆட்சி மொழியாகவும் பள்ளி மொழியாகவும் நிற்கும் மாநிலத்தில், அதன் நிழலில் வாழும் சிறு சமூகங்களின் பேச்சு என்னவாகிறது என்ற வினா போதிய அளவில் எழுப்பப்படவில்லை. தோடர், கோத்தர் போன்ற மலைவாழ் மக்களின் மொழிகள் அறிஞர்களின் கவனத்தைப் பெற்றுள்ளன. சமவெளியில், நெல்வயல்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும் இடையில் வாழும் பழங்குடியினரின் பேச்சு அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. விழுப்புரம் மாவட்ட இருளர்கள் இதற்குத் தக்க சான்று.

‘சிதைந்த தமிழ்’ என்னும் பெயர்

1906ஆம் ஆண்டில் வெளிவந்த இரு நூல்கள் இருளர் பேச்சின் பிற்காலத் தலைவிதியைத் தீர்மானித்தன எனலாம். ஒன்று, டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி. செஞ்சி மலைகளை ஒட்டி மிகுதியாக வாழ்பவர்கள் என இருளரைக் குறிக்கும் அந்நூல், அவர்கள் பேசுவது சிதைந்த தமிழ் என்று ஒரே சொற்றொடரில் முடித்துக்கொள்கிறது. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ இக்குறிப்பை எடுத்தாண்டு நிலைநிறுத்தியது. மற்றொன்று, இந்திய மொழியியல் அளவாய்வின் நான்காம் தொகுதி. ஸ்டென் கோனோவ் எழுதிய அத்தொகுதி, இருள, கசுவ, கொரவ, எருகல, கைக்காடி ஆகிய பேச்சுகளைத் தமிழின் கிளைமொழிகளாக வரிசைப்படுத்தியது.

மலை இருளரைப் பொறுத்தவரை இவ்வரிசைப்பாடு பின்னர் மறுக்கப்பட்டது. ஜெரார்ட் டிஃப்லோத் 1968இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இருள மொழியைத் தமிழுக்கு நெருங்கிய உறவுடைய மொழி எனக் கண்டது. கமில் சுவலபில் 1973 முதல் 1982 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்ட ‘இருள மொழி’ என்னும் ஆய்வு அதனைத் தென்திராவிட மொழிகளுள் தனித்த ஒன்றாக நிறுவியது. தமிழில் இல்லாத நடு உயிரொலிகள் அம்மொழியில் பொருள் வேறுபடுத்தும் ஒலிகளாக நிற்பதை இவ்வாய்வுகள் வெளிப்படுத்தின. அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறையின் வழியே ஆர். பெரியாழ்வார் இருள மொழியின் ஒலியனியலையும் சொற்றொகுதியையும் 1978இல் வெளியிட்டார். ‘சிதைந்த தமிழ்’ எனப்பட்ட ஒரு பேச்சு, செவிகொடுத்துக் கேட்கப்பட்டவுடன் தனி மொழியாயிற்று.

இந்த ஆய்வு வரிசையின் களம் நீலகிரி, கோவை மலைச்சரிவுகள். சமவெளி இருளர் அதன் மையத்தில் இடம்பெறவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அமைந்த சிதம்பரமும் செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் ஆகியனவும் 1993 செப்டம்பர் வரை ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை என்பது இங்கு நினைக்கத்தக்கது. அருகிலிருந்த இருளரைக் கடந்து தொலைவிலிருந்த இருளரை நோக்கி மொழியியல் சென்றதற்குக் காரணம் வெளிப்படையானது. மலையில் ‘மொழி’ கிடைத்தது. சமவெளியில் கிடைப்பது ‘தமிழ்’ என்று முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த இடைவெளியை எண்களாக்கிக் காட்டுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் வாழும் இருளர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். அதே கணக்கெடுப்பில் இருள மொழியைத் தாய்மொழியாகப் பதிவுசெய்தோர் ஏறத்தாழ 12 ஆயிரம் பேர். அந்த 12 ஆயிரமும் மொழி அட்டவணையில் ‘தமிழ்’ என்னும் தலைப்பின் கீழ், கொரவ, எருகல, கைக்காடி ஆகியவற்றோடு சேர்த்தே காட்டப்படுகிறது. சுவலபிலின் ஆய்வு முடிந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அட்டவணை 1906இன் வரிசைப்பாட்டிலேயே நிற்கிறது. எஞ்சிய பெருந்தொகையினர், அதாவது சமவெளி இருளர்களில் மிகப்பெரும்பாலோர், எவ்வித அடைமொழியுமின்றித் தமிழ் பேசுவோராகக் கொள்ளப்படுகின்றனர்.

அவர்கள் இன்று பேசுவது தமிழே என்பதில் ஐயமில்லை. ஆயின் அது ஒலிப்பிலும் சொல்லிலும் சுற்றியுள்ள ஊர்களின் தமிழோடு முற்றும் ஒத்ததா, மலை இருளர் மொழியோடு பண்டைத் தொடர்பு காட்டும் கூறுகள் அதில் உண்டா, எலி வளை தோண்டல், ஈசல் பிடித்தல், பாம்பறிதல், மூலிகை தேர்தல், கன்னியம்மன் வழிபாடு ஆகிய துறைகளில் அதன் சொல்வளம் எத்தகையது என்பன விடை வேண்டி நிற்கும் வினாக்கள். ‘சிதைவு’ என்ற சொல் விடையைப்போலத் தோன்றி இவ்வினாக்களை எழவிடாமல் செய்தது.

ஆவணமாக்கத்தின் பயனும் எல்லையும்

ஆவணமாக்கம் வேண்டும் என்பதை எவரும் மறுக்க இயலாது. மூத்தோர் மறையும்போது அவர்களோடு மறையும் சொற்களை எந்தப் பள்ளியும் மீட்டுத் தராது. மாசி மகத்தையொட்டி மாமல்லபுரம் கடற்கரையில் கூடும் இருளர்கள், கன்னியம்மனை வணங்கிக் குறி கேட்டு, விடியலில் திருமணங்களையும் நடத்துகின்றனர். அங்கு ஒலிக்கும் பாட்டும் குறிமொழியும் அன்றாடப் பேச்சினும் பழமையான கூறுகளைக் கொண்டிருக்க வாய்ப்புண்டு. சடங்கு மொழி மெல்ல மாறும் என்பது மொழியியலார் பலரும் ஒப்பிய கருத்து.

ஆயினும் ஆவணமாக்கத் திட்டங்கள் தமக்கென ஒரு வாயிலை வைத்துக்கொண்டு இயங்குகின்றன. மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013இல் தொடங்கிய அருகிவரும் மொழிகள் பாதுகாப்புத் திட்டம், 10 ஆயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளைத் தன் எல்லையாகக் கொண்டது. சமவெளி இருளர் பேச்சு ‘தமிழ்’ எனப் பதிவாவதால் அது இவ்வாயிலை அணுகவே முடியாது. 2024–25 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு பழங்குடி மொழிகளின் வளங்களையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கியது வரவேற்கத்தக்கது. அங்குப் பெயர் சுட்டப்பட்டவர்கள் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகியோர். நரிக்குறவரின் வாக்ரிபோலி இந்தோ ஆரிய மொழி. அது தனிமொழி என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. தமிழோடு நெருங்கி நிற்கும் பேச்சே பட்டியல்களிலிருந்து எளிதில் நழுவுகிறது. நெருக்கம் மிகுந்த இடத்தில் மொழி நகர்வு ஓசையின்றி நிகழும்; பேசுவோரும் அதனை இழப்பாக உணரார்; கணக்கெடுப்போரும் உணரார். காப்பு மிகவும் வேண்டப்படும் இடம் இதுவாக இருக்க, திட்டங்களின் கண்ணில் படாத இடமும் இதுவே ஆகிறது.

பதிவு யாரைச் சேர்கிறது என்பது அடுத்த வினா. ஆய்வாளரின் பட்டத்திற்கும் நூலகத்தின் அடுக்கிற்கும் செல்லும் ஒலிப்பதிவு, பாடியவரின் பேரப்பிள்ளைகளின் செவிக்கு எட்டுவதில்லை. மேற்கு மலைப்பகுதியில் லட்சுமணன் இருள மொழியிலேயே எழுதித் தமிழெழுத்தில் வெளியிட்ட ‘ஒடியன்’ கவிதைத் தொகுப்பு இதற்கு மாறான வழியைக் காட்டியது. தமிழெழுத்து நடு உயிர்களைக் காட்டப் போதாது என்ற மொழியியல் தடையை மீறி, வாசிக்கத்தக்க ஒரு மொழியாக இருளம் அங்கு அச்சேறியது. ஆவணம் பேசுவோரிடமே திரும்பும்போதுதான் அது காப்பாகிறது. அல்லாதபோது அது சேகரிப்பு மட்டுமே.

பள்ளிவழிக் காப்பு: கேலிக் தரும் பாடம்

பள்ளியே மொழியைக் காக்கும் என்ற நிலைப்பாட்டைச் சோதிப்பதற்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியினும் சிறந்த களம் அரிது. 1872ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துக் கல்விச் சட்டம் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தபோது கேலிக் மொழிக்கு எந்த இடமும் அளிக்கவில்லை. அதன் விளைவை ஒரு நூற்றாண்டு கழித்துத் திருத்த முற்பட்டனர். 1985இல் கிளாஸ்கோ, இன்வெர்னெஸ் நகரங்களில் கேலிக் வழித் தொடக்கக் கல்வி தொடங்கியது. 2005இல் கேலிக் மொழிச் சட்டம் நிறைவேறி, அம்மொழிக்கென ஒரு வாரியம் சட்ட அதிகாரம் பெற்றது. 2025இல் நிறைவேறிய மற்றொரு சட்டம் கேலிக் மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி அளித்தது.

இம்முயற்சிகள் வீண்போகவில்லை. 2011இல் ஏறத்தாழ 57 ஆயிரமாக இருந்த கேலிக் பேசுவோர் தொகை 2022 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 70 ஆயிரமாக உயர்ந்தது. ஆனால் அதே காலத்தில், அம்மொழி வீட்டு மொழியாக நிலைத்திருந்த மேற்குத் தீவுகளில் பேசுவோர் விகிதம் பாதிக்கும் கீழே சரிந்தது. நகரப் பள்ளிகளில் கற்போர் பெருக, ஊர்களில் பேசுவோர் குறைந்தனர். கோன்ஹூர் ஓ கில்லகான் தலைமையில் 2020இல் வெளிவந்த கள ஆய்வு, ஊர்ப் பேச்சுச் சமூகத்தைச் சேர்ந்தோர் 11 ஆயிரம் அளவிலேயே எஞ்சியிருப்பதாகவும், நிலைமை மாறாவிடில் அச்சமூகத்தில் கேலிக் அன்றாடப் புழக்கம் பத்தாண்டுக்குள் குலையக்கூடும் என்றும் எச்சரித்தது. கேலிக் வழிப் பள்ளிகளில் பயின்று வளர்ந்தோரை ஆராய்ந்த ஸ்டூவர்ட் டன்மோர், அவர்களுள் பலர் பள்ளிக்கு வெளியே அம்மொழியை அரிதாகவே பயன்படுத்துவதைக் கண்டார். மொழி ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்கு வீட்டில் கைமாறுவதே காப்பின் அச்சு என்று ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் வலியுறுத்தியதை இக்கண்டறிதல்கள் உறுதிசெய்கின்றன.

இந்தியச் சட்ட அமைப்பும் பள்ளிவழிக் காப்பையே முதன்மையாக ஏற்கிறது. 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட அரசமைப்பின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கிறது. ஒடிசா மாநிலம் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கிப் பின்னர் 21 மொழிகளுக்கு விரிவுபடுத்தியது.

விழுப்புரம் மாவட்ட இருளர் குழந்தைக்கு இச்சட்டங்கள் எதனையும் தருவதில்லை. அக்குழந்தையின் தாய்மொழி தமிழ், பயிற்றுமொழியும் தமிழ் என்று ஏட்டில் இருப்பதால் சட்டம் நிறைவேறிவிட்டதாகவே கொள்ளப்படும். பேச்சுத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் உள்ள தொலைவு எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானதன்றோ என்ற மறுப்பு இங்கு எழலாம். தொலைவு பொதுவானதே, அதற்குத் தர வேண்டிய விலை பொதுவானதன்று. மற்றக் குழந்தையின் பேச்சு ‘கொச்சை’ எனத் திருத்தப்படும். இருளர் குழந்தையின் பேச்சு அக்குழந்தை யார் என்பதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகும். அவ்வாறு அடையாளமான பேச்சை மறைக்கக் கற்பதே அக்குழந்தை வகுப்பறையில் முதலில் கற்கும் பாடமாகிவிடும்.

இருப்பிடமும் உழைப்பும்

கேலிக் வரலாற்றில் நிலம் பெற்ற இடம் இங்கு ஒப்பிடத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் சதர்லாந்துப் பண்ணையுடைமையாளர்கள் ஆட்டுப் பண்ணைகளுக்காக உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து குடியானவர்களை வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோர் கடற்கரையில் குடியமர்த்தப்பட்டனர். பலர் கடல்கடந்து சென்றனர். 1886ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய சிறு குடியானவர்களுக்குக் குத்தகைப் பாதுகாப்பு அளித்தது. அப்பாதுகாப்பு நிலைத்த மேற்குத் தீவுகளில்தான் கேலிக் மிக நீண்ட காலம் ஊர் மொழியாக வாழ்ந்தது. ஆயினும் நிலவுரிமை மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. பள்ளியில் இடமற்ற மொழி அங்கும் தேய்ந்தது. நிலம் இன்றியமையாதது, ஆனால் தனித்து நின்று காக்க வல்லதன்று என்பதே அவ்வரலாறு தரும் முடிவு.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் இருளர் குடியிருப்புகள் பல ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் அமைந்தவை. மனைப் பட்டா இல்லாதவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் தொழில் முடிவுக்கு வந்தது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்தையொட்டிய வடநெம்மேலியில் ஒரு பகுதியினருக்கு மாற்று வழி தந்தது. ஏனையோர் செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டுதல், கரும்பு வெட்டுதல் ஆகிய வேலைகளுக்குப் பெயர்ந்தனர். முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு சூளைக்குச் செல்வோர் ஆண்டின் பல மாதங்களை ஊருக்கு வெளியே கழிக்கின்றனர். 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தபின்னும் முன்பணக் கடன் அதன் வேலையைச் செய்துவருகிறது.

இந்த இடப்பெயர்வின் மொழி விளைவு தெளிவானது. சூளையில் பல சமூகத்தாரும் கலந்து உழைப்பதால் பொதுத் தமிழே அங்குப் புழங்கும். வயலில் எலி வளை தோண்டியெடுத்த நெல்லைப் பங்கிடும்போதும், ஓட்டையிட்ட பானையில் வைக்கோல் மூட்டிப் புகை ஊதும்போதும் சிறுவர் கேட்டறிந்த சொற்கள், அச்செயல்கள் நின்றதும் நிற்கின்றன. சொல்லை இழந்ததால் அவர்கள் தொழிலை இழக்கவில்லை. தொழிலை இழந்ததால் சொல்லை இழந்தனர்.

திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இப்பின்னணியில் மதிப்பிடத்தக்கது. 1990களில் தொடங்கிய அச்சங்கத்தின் பணிகள் காவல்துறை வன்முறைக்கு எதிரான வழக்குகள், கொத்தடிமை மீட்பு, இனச்சான்றிதழ், மனைப் பட்டா ஆகியவற்றைச் சார்ந்தவை. மொழிக்காப்பு அதன் முழக்கமன்று. ஆயினும் ஒரு குடியிருப்பு கலையாமல் ஓரிடத்தில் நிலைப்பதற்கும், பாட்டியும் பேத்தியும் ஒரே முற்றத்தில் பேசிக்கொள்வதற்கும் தேவையானவற்றை மொழிக்காப்புத் திட்டங்களைவிட இப்பணிகளே மிகுதியாகச் செய்துள்ளன. திண்டிவனம் ரோசணையில் அவரது முயற்சியால் நடைபெறும் தாய்த்தமிழ்ப் பள்ளி, இருளர் குழந்தைகள் உள்ளிட்ட ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் வழிக் கல்வி அளிக்கிறது. ஆங்கில வழி மோகத்திற்கு எதிரான தமிழ்க் காப்பும், தமிழுக்குள் ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் காப்பும் ஒரே ஊரில் ஒருங்கே நடைபெறுவது தமிழ்மொழி இயக்க வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது. பாடநூல் தமிழோடு இருளர் வீட்டுப் பேச்சும் அத்தகைய வகுப்பறைக்குள் மதிப்போடு நுழைவது அதன் இயல்பான அடுத்த படியாகும்.

மீனவர் கேலிக்கும் இருளர் தமிழும்

நான்சி டோரியன் 1963 முதல் கிழக்கு சதர்லாந்தில் மேற்கொண்ட ஆய்வு, மொழியிழப்பு ஆய்வில் செவ்வியல் தகுதி பெற்றது. நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டு புரோரா, கோல்ஸ்பி, எம்போ ஆகிய கடற்கரை ஊர்களில் மீன்பிடித்து வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் 200 பேர் அளவிலேயே அங்கு கேலிக் பேசிவந்தனர். சுற்றியிருந்தோர் ஆங்கிலத்திற்கு மாறியபின் கேலிக் பேசுவது மீனவர் என்பதற்கான அடையாளமாயிற்று. மீனவர் என்பதோ இழிவாகக் கருதப்பட்டது. பிற வட்டாரக் கேலிக் பேசுவோரும் அவர்களது பேச்சைத் தரங்குறைந்ததாகவே மதித்தனர். மீன்பிடித் தொழில் நலிந்தபோது, இழிவை உதற விரும்பியோர் அதன் அடையாளமான மொழியையும் உதறினர்.

தனக்குள்ளேயே மேல் கீழ் வகுக்கும் மொழிக்காப்பு, தான் காக்க வந்தவரையே விலக்கும் என்பது இக்களம் தரும் பாடம். மொழி மீட்பில் தூய்மைவாதம் விளைக்கும் கேட்டினை டோரியன் பின்னர், 1994இல், தனிக்கட்டுரையாகவே எழுதினார். இலக்கண நிறைவற்ற ‘அரைப் பேச்சாளர்’ எனப்படுவோரும் பேச்சுச் சமூகத்தின் உறுப்பினரே என்பதும் அவரது ஆய்வின் கொடைகளுள் ஒன்று.

சமவெளி இருளருக்கு இப்பாடம் இரு வகையில் பொருந்தும். முதலாவது, அவர்களது இன்றைய தமிழை ‘இழந்துபோன இருள மொழியின் எச்சம்’ என்று மட்டும் நோக்குவது பிழை. மலை இருள மொழியைச் சமவெளியில் கற்பித்து மீட்பதே காப்பு என வாதிடுவோர், பேசுவோரிடம் இருப்பதைக் குறையாகக் காண்கின்றனர். ‘சிதைந்த தமிழ்’ என்ற பழைய பழிப்பு ‘சிதைந்த இருளம்’ என்று உருமாறுவதில் பேசுவோருக்கு எந்த ஆறுதலும் இல்லை.

இரண்டாவது, சான்று பற்றியது. பழங்குடியினருக்கான இனச்சான்றிதழை வருவாய்க் கோட்ட நிலையில் பெற வேண்டியுள்ள இருளர்கள், தாம் பழங்குடியினர் என்பதை மெய்ப்பிக்குமாறு பன்முறை கேட்கப்படுகின்றனர். பழங்குடிப் பட்டியலைத் திருத்த 1965இல் லோகூர் குழு பயன்படுத்திய அளவுகோல்களுள் தனித்த பண்பாடும் ஒன்று. இந்நிலையில் ‘தனிமொழி உண்டா’ என்ற ஆய்வுக் கேள்வி, அலுவலகத்தில் தகுதிக் கேள்வியாக மாறும் இடர் உண்டு. தமிழ் பேசுவதால் ஒருவர் இருளர் அல்லாதவர் ஆகார். மொழி நகர்வு என்பது ஒரு சமூகம் கடந்துவந்த ஒடுக்குமுறையின் விளைவு. அவ்விளைவையே அதன் உரிமைக்கு எதிரான சான்றாக்கக் கூடாது. சமவெளி இருளர் பேச்சை ஆராய்வோர் தம் முடிவுகளை வெளியிடும்போது இதனைத் தெளிவுபடக் கூறுவது ஆய்வறத்தின் பாற்பட்டது.

தமிழாய்வின் பொறுப்பு

மேற்கண்ட மதிப்பீட்டிலிருந்து சில நடைமுறை முடிவுகள் பெறப்படுகின்றன. இருளரின் இன்றைய பேச்சை அதன் நிகழ்கால முழுமையில் விளக்கும் ஒலியனியல், சொல்லியல் ஆய்வு முதலில் வேண்டும். பழமையின் எச்சங்களைத் தேடுவது அதன் ஒரு பகுதியாகலாம், நோக்கமாதல் கூடாது. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், மரக்காணம் வட்டாரங்களின் பேச்சை மலை இருள மொழியோடும் சுற்றியுள்ள பிற சமூகத் தமிழோடும் ஒப்பிட்டால்தான் உறவு எத்தகையது என்பது புலப்படும்.

அடுத்து, பதிவுகளின் உரிமையும் பயனும் பாடியோரிடமும் சொன்னோரிடமும் இருத்தல் வேண்டும். குறிமொழி போன்ற சடங்குப் பகுதிகளைப் பதிவதா, வெளியிடுவதா என்பதை அவர்களே முடிவு செய்தல் வேண்டும். இருளர் இளைஞர்கள் தகவலாளிகளாக மட்டும் நில்லாமல் ஆய்வாளர்களாகப் பங்கேற்றல் வேண்டும்.

மூன்றாவது, வகுப்பறை. 2021 அக்டோபரில் இதே மாவட்டத்தின் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’, குடியிருப்பிலேயே தன்னார்வலர் கற்பிக்கும் முறையை அறிமுகப்படுத்தியது. இருளர் குடியிருப்புகளில் அப்பணியை இருளர் பெண்களே ஏற்கும் இடங்களில், வீட்டுப் பேச்சு பாடத்திற்குத் தடையாகாமல் படிக்கட்டாகும் வாய்ப்பு மிகுதி. ஈசலும் எலி வளையும் மூலிகையும் அறிவியல் பாடத்தின் பொருளாகும்போது, அவற்றைக் குறிக்கும் சொற்கள் வெட்கத்திற்குரியனவாக இரா.

இவை எவற்றுக்கும் ‘தனிமொழி’ என்ற முத்திரை முன்நிபந்தனையன்று என்பது முதன்மையானது. இம்முத்திரைக்காகக் காத்திருந்த காலத்தில்தான் ஒரு நூற்றாண்டு கழிந்தது.

முடிவுரை

கேலிக் விவாதம் ஒன்றரை நூற்றாண்டு அனுபவத்தில் கண்ட உண்மை, எந்த ஒற்றை வழியும் மொழியைக் காப்பதில்லை என்பதாகும். நிலம் கிடைத்தும் பள்ளி மறுத்த காலத்தில் மொழி தேய்ந்தது. பள்ளி கிடைத்தும் ஊர் குலைந்த காலத்தில் மொழி தேய்ந்தது. பேசுவோர் ஓரிடத்தில் நிலைத்து வாழ்வதும், அவர்களது பேச்சு மதிக்கப்படுவதும், அது அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவதும் ஒருங்கே நிகழ வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டார இருளர்களைப் பொறுத்தவரை இம்மூன்றில் முதலாவதற்கான போராட்டம் பல பத்தாண்டுகளாக நடைபெற்றுவருகிறது. அதனை நடத்துவோர் மொழியியலாளர் அல்லர். இரண்டாவது, மதிப்பு பற்றியது. அதனைக் குறைத்தது எழுத்து, ஆகவே அதனை மீட்பதும் எழுத்தின் கடன். பிற மொழிகளின் ஆதிக்கத்தைத் தமிழுக்கு எதிரான அநீதி எனச் சுட்டும் தமிழாய்வு, தன் நிழலில் ஒரு பேச்சு ‘சிதைவு’ என்ற பெயரோடு ஒதுங்கி நிற்பதையும் அதே அளவுகோலால் அளத்தல் வேண்டும். 1906இல் ஒரு சொற்றொடரில் முடித்துவைக்கப்பட்ட ஆய்வை மீண்டும் தொடங்குவது அதற்கு முதற்படியாகும்.